இமைமுடிக்குக் கர்லர் போதுமா, லேஷ் லிஃப்ட் வேண்டுமா?

இமைமுடியை அழுத்தி வளைக்கும் ஐலேஷ் கர்லரை என் அப்பாயி முதன்முதலில் பார்த்த அன்று, "ஏன்டி, பாக்குவெட்டியைக் கொண்டுபோய்க் கண்ணுல வைக்கிற?" என்று பதறிவிட்டார். நான் பியூட்டிஷியன் படிப்பு முடித்திருந்த புதிது. விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது திருச்சியில் சொந்தமாகப் பார்லர் வைத்து 14 வருடம் ஆகிறது. அப்பாயி பயந்ததில் நியாயம் இருந்தது.

அது எனக்குப் புரிந்தது தங்கையின் வளைகாப்பு அன்று. எல்லாருக்கும் அலங்காரம் செய்துவிட்டுக் கடைசியில்தான் என் முகத்துக்கு வந்தேன். மஸ்காரா போட்டாயிற்று, இடது கண் மட்டும் எடுப்பாக இல்லை. மஸ்காரா மேல் கர்லர் வைக்கக் கூடாது என்று நானே நூறு பேருக்குச் சொல்லியிருப்பேன். வைத்தேன். ரப்பரில் முடி ஒட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து அக்கா மகன் ஓடி வந்து முழங்கையில் இடித்தான். கர்லரோடு எட்டு முடி வந்துவிட்டது. இமை நடுவில் விழுந்த சந்து அடைய இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. அதுவரை மையை இழுத்து வரைந்து சமாளித்தேன்.

அதற்காகக் கர்லரைத் தூக்கிப் போடுங்கள் என்று சொல்லமாட்டேன். 1930களில் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் குர்லாஷ் என்ற பெயரில் விற்ற அதே கத்தரிக்கோல் பிடிதான் இன்றைக்கும் கடையில் கிடைக்கிறது. உபயோகமில்லாத சாமான் இத்தனை காலம் தாக்குப்பிடிக்காது. மாதத்தில் இரண்டு விசேஷம், ஒரு போட்டோ, அவ்வளவுதான் என்றால் கர்லரே போதும். சுத்தமான, காய்ந்த முடியில், மஸ்காராவுக்கு முன்னால், அடியில் மெதுவாக ஒரு பத்து விநாடி அழுத்துங்கள். அப்புறம் நடுவில் ஒரு தடவை. இழுக்காதீர்கள். ரப்பரில் பள்ளம் விழுந்ததும் மாற்றுங்கள்.

வாரத்தில் நான்கைந்து நாள் கர்லரைக் கையில் எடுப்பவர்களுக்குத்தான் நான் லேஷ் லிஃப்ட் பற்றிச் சொல்வது. பார்லரில் மருந்து வைத்து இமைமுடியை மேல்நோக்கி வளைத்துவிடுவது அது. அதிலும் இமைமுடி நீளமாக இருந்தும் கூரைத் தாழ்வாரம் மாதிரி கீழே சரிந்து நிற்பவர்களுக்கு. கண்ணாடிக்குப் பக்கவாட்டில் நின்று பாருங்கள், தெரிந்துவிடும்.

கர்லர் வளைவு ஏன் நிற்பதில்லை என்று பலர் கேட்பார்கள். இஸ்திரி போட்ட காட்டன் புடவை கதைதான். முடிக்குள் ஹைட்ரஜன் பிணைப்பு என்று ஒன்று உண்டு. அழுத்தினால் இடம் மாறும், ஈரம் பட்டால் பழையபடி போய்விடும். விடியற்காலை முகூர்த்தத்துக்கு ராத்திரி இரண்டரை மணிக்குப் பெண்ணின் இமையை வளைத்து வைப்பேன். மண்டபத்துப் புழுக்கம், ஹோமப் புகை, தாரை வார்க்கும்போது அழுகை, எல்லாம் சேர்ந்து தாலி கட்டும் நேரத்துக்கு இமை பழைய தாழ்வாரம் ஆகிவிடும்.

லேஷ் லிஃப்ட் கைவைப்பது வேறு இடத்தில். முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அந்தக் கெரட்டினை இறுக்கிப் பிடித்திருப்பவை டைசல்பைடு பிணைப்புகள். தண்ணீருக்கு அவை அசையாது. தயோகிளைகோலேட் அல்லது சிஸ்டியமின் கலந்த முதல் மருந்து அவற்றைத் தளர்த்தும். முடியைச் சிலிக்கான் அச்சில் மேல்நோக்கி ஒட்டி வைத்திருக்கும்போதே இது நடக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு அல்லது சோடியம் ப்ரோமேட் கலந்த இரண்டாவது மருந்து அதே வளைவில் மறுபடி பூட்டிவிடும். தலைமுடியை மருந்து வைத்துச் சுருட்டும் பெர்மும் இதே கணக்குதான். (லண்டனில் பெர்ம் தொழிலைத் தொடங்கிவைத்த கார்ல் நெஸ்லர் என்ற ஜெர்மன்காரர் 1902இல் செயற்கை இமைமுடிக்கும் காப்புரிமை வாங்கியவர். இமையும் சுருளும் அப்போதே ஒரே கைக்குள் இருந்திருக்கின்றன.) வளைவு ஆறு முதல் எட்டு வாரம் வரும். மருந்து அதற்குள் தீர்ந்துபோவதில்லை. வளைத்த முடி ஒவ்வொன்றாக உதிர்ந்து, நேரான புது முடி முளைக்கிறது.

காசையும் சொல்லிவிடுகிறேன். என் பார்லரில் 1,800 ரூபாய். வருடம் ஆறு தடவை என்றால் 10,800. கர்லர் முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு "தீபாவளிக்கு மட்டும் செஞ்சுக்கிறேங்க்கா" என்பவர்கள்தான் நிறைய. அதில் தப்பே இல்லை.

யாருக்குச் செய்யமாட்டேன் என்பதையும் முதலிலேயே சொல்வேன். மெட்ராஸ் ஐ வந்து இன்னும் சரியாகாதவர்கள், கண்கட்டி இருப்பவர்கள், சமீபத்தில் கண்ணில் அறுவை சிகிச்சையோ லேசரோ செய்துகொண்டவர்கள், கீமோ எடுப்பவர்கள். கண் டாக்டர் சரி என்று சொன்ன பிறகு வரட்டும். கர்ப்பமாக இருப்பவர்களையும் பொறுத்திருக்கச் சொல்கிறேன். அது என் பயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, எந்தப் பார்லர்? உள்ளே இருக்கும் ஏசியையும் சுவரில் மாட்டிய சான்றிதழையும் விட்டுவிட்டு, போனில் இரண்டு கேள்வி கேளுங்கள். பேட்ச் டெஸ்ட் உண்டா? காதுக்குப் பின்னால் துளி மருந்து தடவி, ஒரு நாளோ இரண்டு நாளோ காத்திருந்து பார்ப்பது அது. "இப்பவே வாங்க, இப்பவே செஞ்சிடலாம்" என்றால் வேறு இடம் பாருங்கள். அடுத்தது, மருந்தை எத்தனை நிமிடம் வைப்பீர்கள்? "எல்லாருக்கும் பத்து நிமிஷம்" என்று பதில் வந்தால் அங்கேயும் போகவேண்டாம். மெல்லிய முடிக்கு ஐந்தாறு நிமிடம் போதும், தடித்த முடி பத்தைத் தாண்டும். எனக்குத் தெரிந்த நல்ல கைகள் எல்லாம் நடுநடுவே ஒரு முடியை அசைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்யும், சாதம் வெந்ததா என்று ஒரு பருக்கையை நசுக்கிப் பார்ப்பது போல.

அச்சு விஷயத்தில்தான் அதிகம் ஏமாறுகிறோம். எஸ், எம், எல் என்று அளவு வரும். சின்ன அச்சில் வளைவு அதிகம், பெரியதில் வளைவு குறைந்து தூக்கல் தெரியும். நீளமான முடிக்காரர்கள் ஆசைப்பட்டு "நல்லா சுருட்டி விடுங்க" என்று எஸ் கேட்பார்கள். முனை திரும்பி இமைத் தோலைத் தொடும், பார்க்க நண்டுக்கால் மாதிரி. நானும் பழகிய புதிதில் ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு இப்படிச் செய்து, காசை வாங்காமல் அனுப்பியிருக்கிறேன். முடி அச்சின் முக்கால் உயரத்துக்கு வந்தால் அளவு சரி. அச்சைத் தாண்டிப் போனால் அடுத்த அளவு. உட்குழிந்த கண்ணுக்கு எல் அல்லது எம் வைத்து அடியிலிருந்து தூக்கினாலே கண் திறந்த மாதிரி இருக்கும். மூன்று அளவும் இல்லாமல் ஒரே அச்சை வைத்திருக்கும் கடையில் உட்காராதீர்கள்.

போகும் அன்று கண்ணில் எதுவும் இருக்கக் கூடாது. மஸ்காராவைக் கழுவிவிடுவார்கள், கண்மையைத்தான் மறந்துவிடுவார்கள். அதைவிடப் பெரிய தொல்லை விளக்கெண்ணெய். இமை அடர்த்தியாக வளரும் என்று ராத்திரி ராத்திரி தடவும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. எண்ணெய் இருக்கும் முடியில் மருந்து இறங்காது. ஒரு கண் தூக்கி, ஒரு கண் தூங்கி வெளியே போவீர்கள். இரண்டு நாள் முன்பே எண்ணெயை நிறுத்துங்கள், எண்ணெய்க் குளியலையும் தள்ளிப் போடுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அதை வைக்க டப்பா கொண்டுபோகட்டும்.

மொத்தம் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் கண்ணை மூடிப் படுத்திருக்க வேண்டும். கீழ் இமைமுடி மேலே ஒட்டாமல் பட்டையோ ஜெல் பேடோ வைப்பார்கள். மருந்து பாக்கெட்டை உங்கள் எதிரில் பிரிக்கச் சொல்லுங்கள். முந்தாநாள் திறந்த பாக்கெட்டை நம்பமுடியாது. லேசான வாடை வரும், அது பரவாயில்லை. எரிச்சல் வந்தால் நாகரிகம் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்காதீர்கள். "எரியுது" என்று உடனே சொல்லுங்கள், அந்த நிமிடமே துடைத்துக் கழுவ வேண்டும்.

இதனாலேயே வீட்டில் தானே செய்துகொள்ளும் கிட் எனக்குப் பிடிக்காது. கண்ணை மூடவேண்டிய வேலையை எப்படிக் கண்ணைத் திறந்து பார்த்துச் செய்வது? ஐரோப்பிய ஒன்றியத்தில் இமைமுடி மருந்தில் தயோகிளைகோலிக் அமிலம் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, தொழில்முறையில் செய்பவர்கள் மட்டுமே அதைக் கையாள வேண்டும் என்று விதியே போட்டிருக்கிறார்கள். ஆன்லைனில் வரும் சில டப்பாக்களில் என்ன இருக்கிறது என்றுகூட எழுதியிருப்பதில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் முழுக்கக் கண்ணில் தண்ணீர் படக் கூடாது, ஆவியும் படக் கூடாது. இட்லிப் பானையைத் திறந்து குனிந்து பார்ப்பது, குக்கர் மூடியைக் கழற்றுவது, சளிக்கு ஆவி பிடிப்பது எல்லாம் அடுத்த நாள்தான். அன்றைக்குச் சமையலை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும், நல்ல சாக்கு கிடைத்திருக்கிறது. குப்புறப் படுக்காதீர்கள். மறுநாளிலிருந்து முகம் கழுவலாம், காலையில் சின்ன பிரஷ்ஷால் ஒரு தடவை சீவிவிட்டால் போதும். கர்லரை அந்த முடிமேல் வைக்கவே வேண்டாம். மருந்து கண்ட முடி, ஒடிந்துவிடும்.

கல்யாணப் பெண்கள் முகூர்த்தத்துக்கு நான்கைந்து நாள் முன்னால் செய்துகொள்ளுங்கள். ஆனால் முதல் தடவையே அந்த வாரத்தில் வேண்டாம். இரண்டு மூன்று மாதம் முன்பே ஒரு தடவை செய்து, எப்படி வருகிறது என்று பார்த்துவிடுங்கள்.

ஆறாவது வாரத்துக்கு மேல் பாதி முடி மேலேயும் பாதி நேராகவும் நிற்கும். பார்க்கக் கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும். பொறுத்துத்தான் ஆக வேண்டும். போன மாதம் ஒரு பெண் மூன்றாவது வாரத்திலேயே வந்து நின்றாள், நாளை நிச்சயதார்த்தம் என்று. இவ்வளவு சீக்கிரம் மறுபடி மருந்து வைக்கமாட்டேன் என்றேன்.

"டபுளா காசு தர்றேன்க்கா."

"காசு வேணாம்மா, உட்காரு. மஸ்காரா போட்டு விடுறேன்."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். போட்டு முடித்ததும் கண்ணாடியில் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, அந்த மஸ்காரா எங்கே வாங்கினது என்று கேட்டாள்.