குளிர்கால விடுமுறைக்குக் குழந்தைகளோடு வீட்டை அலங்கரிப்பது எப்படி?

குளிர்கால விடுமுறைக்கு வீட்டை அலங்கரிக்கத் தொடங்குமுன், எந்தெந்த வேலையைக் குழந்தை தானே தொடங்கித் தானே முடிக்கும் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். கோடு போடுவதும் வெட்டுவதும் பெரியவர் கையிலேயே இருந்து, பசை தடவ மட்டும் குழந்தையைக் கூப்பிட்டால், ஐந்து நிமிடத்தில் அது எழுந்து போய்விடும். ஒரு நாளைக்கு ஒரு வேலை, அதுவும் ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற வேலை போதும்.

வீட்டில் ஓர் இடத்தைக் குழந்தைக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். ஒரு சன்னலோ, ஒரு கதவோ, கிறிஸ்துமஸ் மரம் வைப்பவராக இருந்தால் அதில் குழந்தையின் கை எட்டும் கீழ்ப்பகுதியோ எதுவாகவும் இருக்கலாம். ஆனால் அங்கே குழந்தை வைத்ததை வைத்தபடியே விட வேண்டும். என் மகள் நான்கு வயதில், தான் செய்த ஒன்பது காகித நட்சத்திரங்களையும் ஒரே கிளையில் கட்டினாள். கிளை வளைந்து தரையைத் தொட்டது. அவள் தூங்கிய பிறகு நான் அவற்றைப் பிரித்து மரம் முழுவதும் சீராகக் கட்டி வைத்தேன். காலையில் மரத்தின் முன்னால் வெகுநேரம் நின்றவள், “என் நட்சத்திரமெல்லாம் எங்கேப்பா?” என்று கேட்டாள். ஒன்பதும் அவள் கண் முன்னேதான் தொங்கிக்கொண்டிருந்தன. அன்றைக்கே அவற்றை மறுபடியும் அந்த ஒரே கிளையில் கட்டினோம்.

முதல் வேலையாகக் காகிதப் பனிப்பூவை எடுத்துக்கொள்ளலாம். சதுரமான மெல்லிய தாளை மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்குங்கள். அதன் நீண்ட பக்கத்தின் நடுப்புள்ளியில் விரலை வைத்துக்கொண்டு, வலப்பக்கத்தையும் இடப்பக்கத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்தால் மூன்று சம பங்குகள் கிடைக்கும்; ஒவ்வொரு பங்கும் 60 பாகைக் கோணம். அதை மேலும் ஒருமுறை பாதியாக மடித்து, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் நுனிகளை வெட்டிவிட்டால் பனிப்பூவுக்கான மடிப்பு தயார். இப்போது கத்தரிக்கோலுக்கு அடியில் 12 அடுக்குத் தாள் இருக்கும். சிறு குழந்தையின் விரல்களுக்கு இது கடினம் என்பதால், ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கடைசி மடிப்பை விட்டுவிட்டு 6 அடுக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரே ஒரு விதியை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: மடிப்பின் ஓர் ஓரத்தில் தொடங்கிய வெட்டு எதிர் ஓரம் வரை போகக் கூடாது, போனால் பூ துண்டாகிவிடும். மற்றபடி எங்கே வெட்டுவது என்பது குழந்தையின் விருப்பம். பிரிக்கும் வேலையையும் அதனிடமே விடுங்கள். மெல்ல மெல்ல ஒவ்வொரு மடிப்பாகத் திறக்கையில், தான் வெட்டிய ஒரு சிறு முக்கோணம் ஆறு இடத்தில் விரிவதைப் பார்த்துக் குழந்தை மூச்சை இழுத்துப் பிடிக்கும் அந்தக் கணத்துக்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

நான்காகவோ எட்டாகவோ மடிப்பது எளிதுதான். இருந்தாலும் ஆறாகவே மடியுங்கள். பனிக்கட்டிக்குள் நீர் மூலக்கூறுகள் அறுகோண ஒழுங்கில் அடுக்கப்படுவதால், உண்மையான பனிப்படிகங்களின் அமைப்பும் ஆறின் அடிப்படையிலேயே இருக்கிறது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் வாழ்ந்த வில்சன் பென்ட்லி என்ற விவசாயி, 1885இல் நுண்ணோக்கியோடு கேமராவை இணைத்துப் பனிப்படிகத்தைப் படமெடுத்தார். வாழ்நாளில் 5,000க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். கத்தரித்துக்கொண்டிருக்கும் குழந்தைக்குச் சொல்ல இது நல்ல கதை.

காகிதச் சங்கிலி மூன்று வயதுக் குழந்தைக்கும் கைவரும். 20 செ.மீ. நீளமும் 3 செ.மீ. அகலமும் உள்ள வண்ணத்தாள் பட்டைகளை வளையமாக்கி, ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்து ஒட்ட வேண்டும். மூன்று மீட்டர் சங்கிலிக்கு ஏறத்தாழ 50 வளையங்கள் தேவைப்படும். பசை காயும்வரை குழந்தைக்குப் பொறுமை இருக்காது. ஸ்டேப்ளர் உங்கள் கையில் இருக்கட்டும், வண்ணங்களின் வரிசையைக் குழந்தை சொல்லட்டும்.

உப்பு மாவுப் பொம்மைகளுக்கு 2 கப் மைதா, 1 கப் தூள் உப்பு, ஏறத்தாழ 1 கப் தண்ணீர் வேண்டும். தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல் சிறிது சிறிதாகச் சேர்த்து, கையில் ஒட்டாத பதம் வரும்வரை பிசையுங்கள். அரை செ.மீ. கனத்துக்குத் தேய்த்து, வடிவங்களை வெட்டி, தொங்கவிடுவதற்கான துளையை ஈரமாக இருக்கும்போதே ஸ்ட்ராவால் குத்திவிடுங்கள். காய்ந்த பிறகு துளை போட்டால் உடையும். ஓவனில் 120 டிகிரி செல்சியசில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் இறுகிவிடும். ஓவன் இல்லையென்றால், அடிக்கடி புரட்டிப் போட்டுச் சில நாட்கள் உலர விடலாம். நன்றாகக் காய்ந்த பிறகே வண்ணம் பூச வேண்டும். உள்ளே ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். வீட்டில் நாய் இருந்தால் இந்த மாவை எட்டாத இடத்தில் வையுங்கள், இவ்வளவு உப்பு அதன் உயிருக்கே ஆபத்தாகலாம்.

பைன் காய்கள் கிடைத்தால் அலங்கரிப்பதற்கு முன்பு ஒன்றைத் தண்ணீரில் போட்டுவையுங்கள். சிறிது நேரத்தில் அதன் செதில்கள் மூடிக்கொள்ளும், உலர்ந்ததும் மறுபடி விரியும்.

விளக்கு விஷயத்தில் மட்டும் முடிவெடுக்கும் உரிமையைக் குழந்தையிடம் கொடுக்காதீர்கள். அதிகம் சூடாகாத எல்.இ.டி. சரவிளக்குகளையே வாங்குங்கள், உறை கிழிந்த ஒயரைப் பயன்படுத்தாதீர்கள், தூங்கப் போகும்போது அணைத்துவிடுங்கள். காகித அலங்காரத்துக்குப் பக்கத்தில் மெழுகுவர்த்தி வேண்டவே வேண்டாம். பேட்டரியில் எரியும் சிறு விளக்குகளில் பட்டன் பேட்டரி இருந்தால், அதன் மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பேட்டரியை விழுங்கிய குழந்தையின் உணவுக்குழாய் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே வெந்துபோகலாம் என்பதால், சந்தேகம் வந்தால்கூட உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கண்ணாடிக் குண்டுகளையும் ஒயர்களையும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைத்து, மரத்தைச் சுவரோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். தொட்டிலுக்கு அருகே நூலோ சரமோ தொங்கக் கூடாது.

விடுமுறை முடிந்து கழற்றும்போதும் குழந்தை கூடவே இருக்கட்டும். உப்பு மாவுப் பொம்மை ஒவ்வொன்றின் பின்புறமும் பெயரையும் ஆண்டையும் எழுதி, தனித்தனியாகத் தாளில் சுற்றி, ஈரம் புகாத டப்பாவில் வையுங்கள்; பனிப்பூக்களைப் பழைய நோட்டுப் புத்தகத்தின் பக்கங்களுக்கிடையே வைத்தால் மடங்காது. டப்பாவின் மேல் உள்ளே என்ன இருக்கிறது என்பதைக் குழந்தையே எழுதட்டும். எழுத்துப் பிழையைத் திருத்தாமல் அப்படியே பரணில் ஏற்றிவிடுங்கள்.