பலகைக்கு அடியில் இரண்டே ஒயர்: மாடல் ரயில் லேஅவுட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற வாரம் நண்பர் ஒருவர் தன் லேஅவுட்டைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார். 8 அடிக்கு 4 அடி பிளைவுட் பலகை, ஹெச்ஓ ஸ்கேல் (நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு அளவு), நீள்வட்டமாக ஒரு மெயின் லைன், உள்ளே இரண்டு சைடிங், அதாவது பக்கத் தடங்கள். டிராக் போட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. இன்ஜின் நான்கு பெட்டிகளை இழுத்துக்கொண்டு அழகாகச் சுற்றி வந்தது. பலகை ஓரத்தில் ஜல்லிப் பொடிப் பை பிரித்து வைத்திருந்தது, பக்கத்துக் கிண்ணத்தில் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசை. அன்று சாயங்காலமே ஒட்டிவிடப் போவதாகச் சொன்னார். நான் குனிந்து பலகைக்கு அடியில் பார்த்தேன். கன்ட்ரோலரிலிருந்து வந்த இரண்டு ஒயர் ஒரே இடத்தில் மேலே ஏறியிருந்தது. மொத்த வயரிங்கும் அவ்வளவுதான்.

என் முதல் லேஅவுட்டிலும் இதே இரண்டு ஒயர்தான் இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். வெவ்வேறு ஸ்கேலில் வாங்கிக் கலந்துவிடுவது, தூசி துடைக்காமல் ஓட்டுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை முதல் நாளே தெரிந்துவிடும், அன்றே சரியும் செய்துவிடலாம். தெரிய வரும்போது எல்லாவற்றையும் ஒட்டி முடித்திருப்போமே, அந்த மாதிரித் தவறுகளைத்தான் இங்கே சொல்ல வேண்டும்.

ஜாயினரை நம்பி கரன்ட் அனுப்புவது

இன்ஜினுக்கு மின்சாரம் தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாகப் போகிறது. ஒரு டிராக் துண்டையும் அடுத்த துண்டையும் இணைப்பது ஜாயினர் என்கிற மெல்லிய தகடு மட்டும்தான். தண்டவாளத்தின் அடிப்பாகத்தைக் கவ்விப் பிடிக்கும், ஒரு சென்டிமீட்டர் நீளம்கூட இருக்காது. என் நீள்வட்டத்தில் 36 துண்டுகள் இருந்தன. இரண்டு பக்கத் தண்டவாளத்துக்கும் சேர்த்து 72 ஜாயினர். கரன்ட் ஏறுகிற இடமோ ஒன்றே ஒன்று.

புதிதாக இருக்கும்போது ஜாயினர் பளபளவென்று, இறுக்கமாக இருக்கும். அதனால் எல்லாம் ஓடும். நம்மை ஏமாற்றுவது இந்த முதல் மாதம்தான். அப்புறம் ஒவ்வொன்றாகத் தொடங்கும். உலோகத்தின் மேல் ஆக்சைடு படியும். பிளானை மாற்றி மாற்றித் துண்டுகளைக் கழற்றி மாட்டியதில் கவ்வு தளர்ந்திருக்கும். காற்றில் ஈரம் ஏறி இறங்க, பலகை உப்பிச் சுருங்கி, இணைப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைக்கும். இதையெல்லாம்விடப் பெரிய கெடுதலை நாமே கையால் செய்கிறோம். ஜல்லியின் மேல் சொட்டு விடுகிற பசைத்தண்ணீர் ஜாயினருக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் இருக்கிற மயிரிழை இடைவெளிக்குள் தானாகவே ஏறிவிடும். பசை ஜல்லிக்குள் நன்றாகப் பரவட்டும் என்று ஒரு சொட்டு பாத்திர சோப்பு வேறு கலந்திருப்போம், அது உள்ளே போவதை இன்னும் சுலபமாக்கும். காய்ந்ததும் அங்கே ஒரு பிளாஸ்டிக் படலம். தண்டவாளத்தின் பக்கவாட்டில் துருநிறம் அடித்தால் பெயின்ட்டும் அதே வழியில் உள்ளே போகும்.

என் லேஅவுட்டில் ஸ்டேஷன் இந்தப் பக்கம், மலையும் குகையும் எதிர்ப்பக்கம். ஜல்லி ஒட்டி இரண்டாவது மாதம், குகைக்குள் நுழையும்போது சரக்கு இன்ஜினின் முன்விளக்கு மங்கத் தொடங்கியது. வேகமும் குறைந்தது. வெளியே வந்து ஸ்டேஷன் பக்கம் திரும்பியதும் மறுபடி வேகம் எடுத்தது. தண்டவாளத்தைத் துடைத்தேன். சக்கரங்களைத் துடைத்தேன். இன்ஜினைப் பிரித்து கியருக்கு எண்ணெய் விட்டேன். கடைசியில் பெரிய கன்ட்ரோலர் ஒன்று வாங்கினேன். ஸ்டேஷன் பக்கம் வேகம் கூடியது, குகைக்குள் அதே தவழல்தான்.

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். ஸ்டேஷனில் 12 வோல்ட், குகைக்குள்ளும் 12 வோல்ட். டிராக்கில் குறையில்லை என்று முடிவு கட்டினேன். அந்த முடிவால் இன்னும் இரண்டு மாதம் போயிற்று, இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. இன்ஜின் ஓடாமல் அளந்தால் மீட்டர் எந்த இடத்திலும் முழு வோல்ட்டைத்தான் காட்டும். மீட்டர் இழுக்கிற கரன்ட் ஏறக்குறைய ஒன்றுமில்லை, கரன்ட் ஓடாத கம்பியில் வோல்ட் விழவும் விழாது. லோடு வைத்துத்தான் அளக்க வேண்டும். கார் இண்டிகேட்டருக்குப் போடுகிற 12 வோல்ட், 21 வாட் பல்பு இதற்கு நல்லது, கிட்டத்தட்ட 1.75 ஆம்பியர் இழுக்கும். அதை ஸ்டேஷனில் தண்டவாளத்தின் குறுக்கே வைத்தேன், பளிச்சென்று எரிந்தது. குகைக்குள் கையை விட்டு அதே பல்பை வைத்தேன். இழை செந்நிறமாகக் கனன்றது, அவ்வளவுதான். மீட்டர் 8 வோல்ட்டுக்கும் கீழே காட்டியது.

சரி, காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் கை வைக்க வேண்டிய இடமெல்லாம் மலைக்கு அடியில். மலையின் பிளாஸ்டர் மேற்பரப்பை வெட்டி எடுத்தேன். ஒவ்வொன்றாக நட்ட மரங்களைப் பிடுங்கினேன். ஒட்டிய ஜல்லியை நனைத்து, ஊறவைத்து, கத்தியால் நெம்பும்போது ஸ்லீப்பர்கள், அதாவது தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குத்துண்டுகள், தண்டவாளத்திலிருந்து பிய்ந்து வந்தன. ரயிலை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்புகிற பாயின்ட்களில் இரண்டு மறுபடி பயன்படாமல் போயின. ஆறு மாதச் சாயங்காலங்களின் வேலை. டிராக் வெறுமனே கிடந்தபோது செய்திருந்தால் ஒரு சனி, ஞாயிறில் முடிந்திருக்கும், செலவும் ஒரு சுருள் ஒயர்தான்.

வேகம் குறைவது மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். டிசிசி, அதாவது தண்டவாளம் வழியே ஒவ்வொரு இன்ஜினுக்கும் தனித்தனியாக டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை, வைத்து ஓட்டுபவர்களுக்கு இதில் ஆபத்தும் இருக்கிறது. ஹெச்ஓ டிராக்கில் டிசிசி சுமார் 15 வோல்ட் ஓடும். டிராக்குக்கு மின்சாரம் கொடுக்கும் பூஸ்டர் 5 ஆம்பியர் என்றால், ஷார்ட் ஆகி கரன்ட் அதைத் தாண்டினால்தான் துண்டிக்கும். தளர்ந்த ஜாயினர்கள் எல்லாம் சேர்ந்து பாதையில் 4 ஓம் தடை இருப்பதாக வையுங்கள். தூரத்து மூலையில் பெட்டி தடம் புரண்டு இரண்டு தண்டவாளத்தையும் குறுக்கே தொட்டால் ஓடுவது 3.75 ஆம்பியர். பூஸ்டருக்கு அது ஷார்ட்டாகவே தெரியாது, ஒரே நேரத்தில் நிறைய இன்ஜின் ஓடுவது போலத்தான் தெரியும். அந்த 56 வாட் முழுதும் தளர்ந்த இணைப்புகளிலும் தடம் புரண்ட பெட்டியின் சக்கரத்திலும் சூடாக இறங்கும். ஒரு சோல்டரிங் அயர்னின் சூடு அது. பிளாஸ்டிக் ஸ்லீப்பர் உருகும், சக்கரச் சட்டம் உருகும், இன்ஜினாக இருந்தால் அதற்குள் கட்டளையைப் படிக்கும் டீகோடரும் போகலாம்.

என்ன செய்ய வேண்டும்? பலகைக்கு அடியில் டிராக் போகிற வழியே இரண்டு கனமான செப்பு ஒயரை ஓட்டுங்கள். வீட்டு லேஅவுட்டுக்கு 2.5 சதுர மி.மீ. போதும். இதைத்தான் பஸ் என்கிறோம். அதிலிருந்து 0.5 சதுர மி.மீ. ஒயரில், ஒரு சாண் நீளத்துக்குள், தண்டவாளத்துக்கு ஃபீடர், அதாவது கிளை ஒயர், கொடுங்கள். ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் சொந்தமாக ஒரு ஃபீடர் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஃபீடர் இருக்கிற துண்டோடு சோல்டர் செய்திருக்க வேண்டும். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் ஜாயினரின் வேலை தண்டவாளத்தை நேர்கோட்டில் நிறுத்துவது மட்டும்தான், கரன்ட் அதைக் கேட்டு நிற்காது. நீளமான தண்டவாளம்தானே, அதுவே கடத்தாதா என்று கேட்கலாம். நிக்கல் சில்வர் என்று பெயர் இருந்தாலும் அதில் வெள்ளி கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவை, செம்பைவிடப் பத்து மடங்குக்கும் மேல் தடை உள்ளது.

எல்லா இணைப்பையும் சோல்டர் செய்துவிடலாமே என்றும் தோன்றும். கூடாது. பலகையும் உலோகமும் நீள, சுருங்க இடம் வேண்டும், இல்லையென்றால் ஒரு நாள் டிராக் வளைந்து எழும்பி நிற்கும். ஒன்றுவிட்டு ஒன்று சோல்டர் செய்து, மற்றதில் ஒரு தடித்த காகித அளவு இடைவெளி விடுங்கள்.

ஒயரைப் பற்றவைக்கும்போது தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தில் வையுங்கள், உள்பக்கம் சக்கரத்தின் விளிம்பு போகிற இடம். முதலில் அந்த இடத்தைச் சின்ன அரத்தால் பளிச்சென்று தேய்த்து, ஈயம் நன்றாகப் பிடிக்க உதவும் ஃபிளக்ஸ் தடவி, தண்டவாளத்திலும் ஒயர் நுனியிலும் தனித்தனியாக ஈயம் பூசிக்கொள்ளுங்கள். அப்புறம் இரண்டையும் சேர்த்து நல்ல சூடான அயர்னால் இரண்டு விநாடி. இரண்டு பக்கமும் நனைத்த பஞ்சை வைத்தால் ஸ்லீப்பர் உருகாது. சூடு குறைந்த அயர்னை நீண்ட நேரம் வைத்திருப்பதுதான் ஸ்லீப்பரைக் கெடுக்கும்.

சிவப்பு எந்தத் தண்டவாளத்துக்கு, கறுப்பு எதற்கு என்பதில் குழம்பாமல் இருக்க எனக்கு மிகவும் உதவிய வழி ஒன்று உண்டு. ஒரு பெட்டியின் ஒரு பக்கம் முழுக்கச் சிவப்பு டேப் ஒட்டி, கையால் மெதுவாகத் தள்ளிக்கொண்டே போங்கள். டேப் இருக்கும் பக்கத் தண்டவாளத்துக்குச் சிவப்பு ஒயர். ஏற்கெனவே கறுப்பு கொடுத்த தண்டவாளத்தின் மேல் டேப் பக்கம் வந்து நின்றால், அங்கே ரிவர்ஸ் லூப், அதாவது ரயிலை எதிர்த்திசையில் திருப்பிக் கொண்டுவரும் வளையம், இருக்கிறது என்று பொருள். பிளானில் பார்க்கும்போது கண்ணுக்குத் தப்பிவிடும், பெட்டி காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பகுதியை இரண்டு முனையிலும் இரண்டு தண்டவாளத்திலும் வெட்டித் தனியாகப் பிரித்து, இரண்டு தண்டவாளத்தின் போலாரிட்டியை (எது சிவப்பு, எது கறுப்பு என்பதை) மாற்றும் கருவி வைக்க வேண்டும்.

முடிந்ததும் இன்ஜின்களை எல்லாம் எடுத்துவிட்டு, ஒரு மீட்டருக்கு ஒரு இடத்தில் நாணயத்தைக் குறுக்கே வையுங்கள். வைத்த நொடியே பூஸ்டர் துண்டிக்க வேண்டும். துண்டிக்காத இடத்தில் இன்னொரு ஃபீடர்.

வளைவு

பெட்டியின் நீளத்தை அளக்காமல் வளைவை முடிவு செய்யாதீர்கள். வளைவின் ஆரம் நீளமான பெட்டியைப் போல மூன்று மடங்காவது இருந்தால்தான் ஓட்டமும் பார்வையும் நன்றாக இருக்கும். 26.4 மீட்டர் பயணிகள் பெட்டி 1:87 அளவில் 303 மி.மீ. வரும், அதற்கு ஏறக்குறைய 910 மி.மீ. ஆரம் வேண்டும். 4 அடி அகலப் பலகையில் 560 மி.மீ. தாண்டாது. ஆகவே அந்தப் பலகையில் குட்டைப் பெட்டிகளும் சரக்கு வண்டிகளும்தான் அழகாக ஓடும். நீளப் பெட்டி ஆசை என்றால் சுவரோரமாகப் போகிற லேஅவுட்டை யோசியுங்கள்.

இடது வளைவும் வலது வளைவும் நேராக ஒட்டி வரக் கூடாது. நடுவில் ஒரு பெட்டி நீளத்துக்கு நேர்டிராக் வேண்டும். பின்னோக்கித் தள்ளும்போது தடம் புரள்வது பெரும்பாலும் இங்கேதான்.

மேம்பாலம்

ஒரு லைனுக்கு மேல் இன்னொரு லைன் போக, பாலத்தின் கனத்தையும் சேர்த்து ஹெச்ஓவில் 8 செ.மீ.க்குக் குறையாமல் ஏற வேண்டும். 2 சதவீத ஏற்றத்தில் அதற்கு 4 மீட்டர், இறங்க இன்னொரு 4 மீட்டர். நண்பரின் நீள்வட்டம் மொத்தமே 6 மீட்டர். அதில் மேம்பாலமும் போட அவருக்கு ஆசை இருந்தது, டேப்பை வைத்து அளந்ததும் விட்டுவிட்டார். செங்குத்தாக ஏற்றி இடத்தை மிச்சம் பிடித்தால் இழுவை போய்விடும், வளைவிலேயே ஏற்றினால் இன்னும் மோசம்.

கை எட்டாத டிராக்

75 செ.மீ.க்கு அப்பால் எதுவும் வைக்காதீர்கள். குகைக்குள் பாயின்ட் வேண்டவே வேண்டாம்.

பாயின்ட்டுக்கு நேர்கீழே குறுக்குச்சட்டம்

பாயின்ட்டை அசைக்கும் மோட்டார் மாட்ட இடமிருக்காது. சட்டம் அடிப்பதற்கு முன் பாயின்ட் வரும் இடங்களைப் பலகையில் பென்சிலால் குறித்துவிடுங்கள்.

டிராக் ஆணி

ஆணித்தலை ஸ்லீப்பரைத் தொட்டதும் நிறுத்துங்கள். ஒரு அடி கூடினால் ஸ்லீப்பர் நடுவில் குழிந்து, 16.5 மி.மீ. கேஜ், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் இடையிலான அகலம், குறுகிவிடும்.

உப்புத்தாள்

தண்டவாளத்தின் மேல் வேண்டாம். கீறலில் அழுக்கு தங்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணி போதும்.

ஜல்லியில் அவசரம்

ஜல்லி ஒட்டுவது கடைசி வேலை. அதற்கு முன் உங்களிடம் இருக்கிற மிக நீளமான பெட்டியையும், சக்கரங்கள் அதிகமுள்ள இன்ஜினையும் எல்லா வழியிலும் ஓட்டிப் பாருங்கள். முன்னோக்கி மட்டும் போதாது, முழு ரயிலையும் பின்னோக்கித் தள்ளி எல்லாப் பாயின்ட் வழியாகவும் அனுப்புங்கள். ஒரே இடத்தில் இரண்டு முறை தடம் புரண்டால் பெட்டியைக் குறை சொல்லாமல் அந்த இணைப்பின் மேல் விரல் நுனியை ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத படி விரலுக்குத் தட்டுப்படும். சில வாரம் இப்படி ஓட்டியும் சிக்கல் இல்லை என்றால் ஒட்டலாம். பாயின்ட்டின் அசையும் நாக்குக்குப் பக்கத்தில் மட்டும் பசையைச் சொட்டு சொட்டாக, மிகக் குறைவாக விடுங்கள். காயும்வரை நாக்கை அவ்வப்போது இரண்டு பக்கமும் தள்ளிவிட்டுக்கொண்டே இருங்கள்.

நண்பர் அன்றைக்கு ஜல்லிப் பையைக் கட்டி பலகைக்கு அடியில் வைத்துவிட்டார். கார் பல்பை எடுத்துவந்து நீள்வட்டத்தைச் சுற்றிலும் வைத்துப் பார்த்தோம். மூன்றே வாரப் பழைய டிராக்தான், பசையும் படவில்லை, ஆனாலும் எதிர்மூலையில் வெளிச்சம் குறைந்தது. இப்போது பலகையில் 18 இடங்களில் பென்சில் குறி போட்டிருக்கிறார், அதில் ஐந்தில் துளையிட்டாயிற்று.