கடற்கரை ஊரில் சுவரோவியம் தீட்டுவோருக்கு

பாம்பன், தங்கச்சிமடம், தேவிபட்டினம், தொண்டி என இராமநாதபுரக் கடற்கரையில் எந்த ஊருக்குப் போனாலும் பள்ளியிலோ ஏலக்கூடத்திலோ ரேஷன் கடையிலோ ஒரு வெற்றுச் சுவர் இருக்கும். அதில் தங்கள் வாழ்வையும் தாங்கள் வேண்டும் நாளையையும் ஊராரே தீட்ட விரும்பினால், பெயிண்ட் வாங்குவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ள வேண்டும். திறந்தவெளிகளின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்க 1959இல் இயற்றப்பட்ட சட்டம் தமிழ்நாட்டில் இருப்பதால், சுவருக்கு உரிய ஊராட்சியிடமோ பள்ளியிடமோ உரிமையாளரிடமோ எழுத்துமூலம் இசைவு பெறுவது முதல் வேலை.

அடுத்தது, என்ன தீட்டுவது என்பதை அந்தச் சுவரை நாள்தோறும் கடந்து போகிறவர்களிடம் கேட்பது. விசைப்படகுகள் கடலுக்குப் போகாத ஒரு நாளில் ஊர்க்கூட்டம் போடுங்கள். பெண்களிடம் தனியாகவும் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள், ஏனெனில் பொதுக்கூட்டத்தில் பேசாதவர்களிடம்தான் பெரும்பாலும் படத்துக்கான செய்தி இருக்கும். வெளியூர் ஓவியரிடம் கடற்பாசி எடுக்கும் பெண்ணை வரையச் சொன்னால், தலையில் கூடை சுமந்த ஒரு சேலைக்காரியைத்தான் வரைவார். அந்த வேலை செய்கிறவரோ சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, கண்ணில் நீச்சல் கண்ணாடி, பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் சுற்றிய துணி என்று ஒவ்வொன்றாகத் திருத்துவார். கையில் இருப்பது மரிக்கொழுந்துப் பாசியா கட்டக்கோரையா என்றும் கேட்பார். வள்ளத்தின் அணியம், அதாவது முன்முனை, எவ்வளவு தூக்கி நிற்க வேண்டும் என்பதைக் கரையில் வலை பின்னும் முதியவர் சொல்வார். இந்தத் திருத்தங்களை ஏற்கும்போதுதான் சுவர் ஊராருடையதாகிறது.

1964ஆம் ஆண்டுப் புயலில் அழிந்த தனுஷ்கோடியும், கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களும், இலங்கையில் பிடிபட்ட படகுகளும் இங்கே பேச்சில் வராமல் இருக்காது. அவற்றை மறைத்து வாழ்த்து வாசகம் மட்டும் எழுதினால் ஊர் அதை நம்பாது என்பது என் உறுதியான கருத்து. இழந்ததையும் வேண்டுவதையும் ஒரே சுவரில் அருகருகே வையுங்கள். ஆனால் இறந்தவர் முகத்தைக் குடும்பத்தாரின் சம்மதமின்றி வரையாதீர்கள். உதிக்கும் சூரியன், தாமரை, இரட்டை இலை, விரித்த கை ஆகியவை கட்சிச் சின்னங்களாகவே பார்க்கப்படும் என்பதால், குழந்தைகளின் உள்ளங்கைப் பதிவைக்கூட யோசித்தே சேர்க்க வேண்டும். கோயில், பள்ளிவாசல், தேவாலயம் மூன்றும் உள்ள ஊரில் வரைபடத்தை மூன்று தரப்பிடமும் முன்னதாகவே காட்டிவிடுவது நல்லது.

வரையப் போகும் இளைஞர்களை ஒருநாள் இராமநாதபுரம் இராமலிங்க விலாசம் அரண்மனைக்கு அழைத்துச் செல்லுங்கள். போரையும் அரசவையையும் ஐரோப்பியரைச் சந்தித்ததையும் சேதுபதி மன்னர்கள் அங்கே 18ஆம் நூற்றாண்டில் தீட்டச் செய்திருக்கிறார்கள். நீண்ட கதையைக் கட்டம் கட்டமாகப் பிரித்துச் சொல்லும் முறையை அங்கே நேரில் கற்கலாம்.

இனி சுவர். நம் கரையில் ஓவியத்தைக் கெடுப்பது மழையைவிட உப்புதான். பூச்சுக்குள் ஈரம் இருந்தால் அது உப்பைக் கரைத்து மேலே கொண்டுவரும். வெண்மையாகப் பூத்து, பெயிண்ட் செதில் செதிலாக உரியும். ஆகவே வடகிழக்குப் பருவமழை முடிந்து சுவர் நன்கு காய்ந்த பிறகு, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் ஆட்கள் கிடைப்பார்கள் என்றாலும், கொதிக்கும் சுவரில் பெயிண்ட் சரியாகப் பிடிக்காமல் காய்ந்துவிடும். இரண்டடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி, மறுநாள் பிரித்துப் பாருங்கள். உட்புறம் வியர்த்திருந்தால் காத்திருக்க வேண்டும். புதுப்பூச்சு என்றால் குறைந்தது 28 நாள் ஆறட்டும்.

பழைய சுண்ணாம்பைக் கம்பி பிரஷால் சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிடுங்கள். கழுவவும் பெயிண்டில் கலக்கவும் உவர்நீரைத் தொடவே கூடாது. பிறகு வெளிச்சுவருக்கான பிரைமர் ஒரு கோட்டு, அதன்மேல் வெள்ளை எக்ஸ்டீரியர் எமல்ஷன். எனாமல் பெயிண்ட் ஈரத்தை வெளியே விடாது என்பதால் சுவருக்கு வேண்டாம். வெயிலில் பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுக்கும். காவியும் மண்மஞ்சளும் நெடுநாள் நிற்கும்.

தாளில் ஓர் அங்குலத்துக்குச் சுவரில் ஓர் அடி என்று வைத்து, சாக்பொடி தடவிய நூலை அடித்துக் கட்டம் போடுங்கள். கோடு போடும் பொறுப்பைப் படகுக்குப் பெயர் எழுதும் ஆர்ட்டிஸ்டிடம் கொடுக்கலாம். அவருக்குப் பெரிய எழுத்தும் கடற்காற்றும் பழக்கம். கீழ் மூன்றடி குழந்தைகளுக்கு. சாரத்தில் ஏறுவது பெரியவர்கள் மட்டும்.

மீந்த பெயிண்டை எந்தப் பகுதிக்கு எந்த நிறம் என்று டப்பாவின்மேல் எழுதி, பள்ளியிலோ ஊராட்சி அலுவலகத்திலோ நிழலில் வையுங்கள். ஆண்டுதோறும் மழைக்காலம் முடிந்ததும் சுவரை நல்ல தண்ணீரால் கழுவி, உரிந்த இடத்தைச் சுரண்டிப் பிரைமர் அடித்துத் திருத்துங்கள். படத்தில் புதிதாக எதையும் சேர்க்க வேண்டுமென்றால், மறுபடியும் ஊர்க்கூட்டத்தில் கேட்டே சேர்க்க வேண்டும்.