ஜிகாபிட்டை எட்டால் வகுத்தால் மட்டும் போதுமா? பழைய டிஸ்க் வேகக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ஐடிஇ, ஸ்கஸி (டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும் இரு பழைய முறைகள்) டிஸ்க்கில் கிடக்கும் தரவை நெட்வொர்க் வழியாகப் புதிய சர்வருக்கு ஏற்ற எத்தனை மணி நேரம் ஆகும்? இந்தக் கணக்கு தப்புவது வகுக்கத் தெரியாததால் அல்ல. பெட்டிமேல் அச்சிட்டிருக்கும் எண் எந்த இடத்தில் அளந்தது என்று பார்க்காமலே வகுத்துவிடுகிறோம்.

நெட்வொர்க் வேகம் பிட்டில், டிஸ்க் இன்டர்ஃபேஸ் (டிஸ்க்கையும் கணினியையும் இணைக்கும் வழி) வேகம் பைட்டில் (8 பிட் ஒரு பைட்) என்பது பலருக்கும் தெரியும். இருந்தும் ஜிகாபிட் ஈதர்நெட் நெட்வொர்க்கின் '1000' என்ற எண்ணைப் பார்த்ததும் 'ஏடிஏ 133' (ஐடிஇ கேபிளின் ஒரு வேகத் தரம்) ஏழில் ஒரு பங்குதான் என்று தோன்றிவிடுகிறது. ஜிகாபிட் ஈதர்நெட் நொடிக்கு 125 மெகாபைட். ஏடிஏ 133 நொடிக்கு 133 மெகாபைட். பழைய கேபிள்தான் சற்று முந்துகிறது.

அதிகம் பேர் சறுக்குவது குறியாக்கத்தில். ஐடிஇ-க்குப் பின் வந்த டிஸ்க் இணைப்பான சாட்டாவின் முதல் தலைமுறை 1.5 ஜிகாபிட். எட்டால் வகுத்தால் 187.5 வரும், சரியான விடை 150. அங்கே ஒவ்வொரு 8 பிட்டும் கம்பியில் 10 பிட்டாகப் போகிறது, அந்தப் பத்தையும் சேர்த்துத்தான் 1.5 என்று போடுகிறார்கள். இதைக் கற்றுக்கொண்டவர் அடுத்து ஈதர்நெட்டையும் பத்தால் வகுத்து 100 என்பார். அதுவும் தப்பு. ஃபைபர் வழி ஜிகாபிட் ஈதர்நெட்டிலும் இதே குறியாக்கம் உண்டு. ஆனால் கம்பியில் ஓடுவது 1.25 ஜிகாபிட், விளம்பரத்தில் வருவது குறியாக்கம் கழித்த 1 ஜிகாபிட். ஆக சாட்டாவுக்குப் பத்து, ஈதர்நெட்டுக்கு எட்டு. சர்வரைச் சேமிப்பகத்தோடு இணைக்கும் ஃபைபர் சேனலில் பெயரை வகுக்கவே வேண்டாம்: '4 ஜிகா' என்றால் 400 மெகாபைட், '16 ஜிகா' என்றால் 1600 என்று அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய பேரலல் ஸ்கஸியில் இந்தக் குறியாக்கம் கிடையாது. பஸ்ஸின் (தரவு ஓடும் பாதையின்) அகலத்தை நொடிக்கு எத்தனை முறை தரவு மாறுகிறது என்பதால் பெருக்கினால் போதும். அல்ட்ரா 160-இல் 40 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தின் இரு விளிம்பிலும் தரவு போகிறது, ஒவ்வொரு முறையும் 2 பைட்: 160. 'ஃபாஸ்ட்-20' என்பதில் உள்ள 20 மெகாபைட்டைக் குறிக்காது. நொடிக்கு 20 மில்லியன் மாற்றம். 8 பிட் கேபிளில் அது 20 மெகாபைட், 16 பிட்டில் 40. எல்விடி (ஒவ்வொரு சிக்னலையும் இரு கம்பிகளில் அனுப்பும் முறை) சங்கிலியில் பழைய சிங்கிள்-எண்டட் (ஒரே கம்பியில் அனுப்பும்) டிரைவ் ஒன்றைச் செருகினால் மொத்தச் சங்கிலியும் இந்த 40-க்கு இறங்கிவிடும்.

ஜிகாபிட் ஈதர்நெட்டின் அந்த 125-ம் முழுதாகக் கைக்கு வராது. 1500 பைட் பாக்கெட் ஒவ்வொன்றும் முன்னொட்டு, இடைவெளி எல்லாம் சேர்ந்து கம்பியில் 1538 பைட் இடம் பிடிக்கிறது. அதில் கோப்பின் தரவு பொதுவாக 1448. மிஞ்சுவது ஏறக்குறைய 117.7 மெகாபைட். விண்டோஸ் இதையே 1024-இன் மடங்கில் எண்ணி 112 என்று காட்டும். அந்த எண்ணைப் பார்த்துவிட்டுக் கேபிளை மாற்றாதீர்கள். நெட்வொர்க் முழு வேகத்தில்தான் ஓடுகிறது.

டேப்பில் இதே கணக்கு பணத்தைக் கடிக்கும். எல்டிஓ-4 (பேக்கப் டேப்பின் ஒரு தலைமுறை) டிரைவின் சொந்த வேகம் 120 மெகாபைட், ஜிகாபிட் தருவதைவிடக் கொஞ்சம் கூடுதல். பெட்டியில் உள்ள 240, தரவு பாதியாகச் சுருங்கும் என்று வைத்துச் சொன்னது. சுருக்கும் வேலை டிரைவுக்குள் நடக்கிறது. ஆகவே நன்றாகச் சுருங்கும் தரவாக இருந்தால் நெட்வொர்க் 240 கொண்டுவந்து கொட்ட வேண்டும். வரத்து குறைந்தால் டிரைவ் முதலில் வேகத்தைத் தணிக்கும். அதற்கும் கீழே போனால் டேப் நின்று, பின்னுக்குச் சுற்றி, மறுபடி ஓடும். ஹெட்டும் டேப்பும் தேயும். முதலில் சர்வரின் உள் டிஸ்க்கில் இறக்கி, பிறகு டேப்பில் எழுதுங்கள்.

இன்டர்ஃபேஸ் வேகத்தை டிஸ்க்கின் வேகமாக எடுத்துக்கொள்வதுதான் ஆகப் பெரிய தவறு. ஏடிஏ 100 என்பது கேபிளின் எல்லை. 80 இழைக் கேபிளுக்குப் பதில் 40 இழைக் கேபிள் மாட்டினால் அதுவும் 33-க்கு இறங்கும். ஐடிஇ கார்டும் நெட்வொர்க் கார்டும் ஒரே 32 பிட், 33 மெகாஹெர்ட்ஸ் பிசிஐ (மதர்போர்டில் கார்டுகளைச் செருகும்) பஸ்ஸில் இருந்தால், இருக்கும் 133 மெகாபைட்டை இருவரும் பகிர வேண்டும். ஒரே தரவு பஸ்ஸை இருமுறை கடப்பதால் தாளிலேயே 66-தான்.

ஆகவே அளந்து பாருங்கள். லினக்ஸில் ஹெச்டிபார்ம் (hdparm) கருவியைச் சிறிய 'டி' (-t) விருப்பத்தோடு மூன்று முறை ஓட்டுங்கள். பெரிய 'டி' (-T) போட்டால் நினைவகத்தின் வேகம்தான் வரும். டிஸ்க்கின் வெளி வட்டத்தைவிட உள் வட்டம் ஏறத்தாழப் பாதி வேகம் என்பதால், ஆஃப்செட் (எங்கிருந்து படிக்க வேண்டும் என்ற எண்) கொடுத்து உள் வட்டமான டிஸ்க்கின் கடைசிப் பகுதியையும் அளக்க வேண்டும்.

80 ஜிகாபைட் ஐடிஇ டிஸ்க் ஒன்று தொடக்கத்தில் 40, முடிவில் 20 காட்டுகிறது என்று வையுங்கள். 125-ஆல் வகுத்தால் 11 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். சராசரி 30 என்று வைத்தால் முக்கால் மணி நேரம். அதே டிஸ்க்கை யுஎஸ்பி 1.1 போர்ட்டில் மாட்டினால் நொடிக்கு 1.2 மெகாபைட்டுக்கு மேல் போகாது. பதினெட்டரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். பழுதான செக்டார் (டிஸ்க்கில் தரவு பதியும் சிறு துண்டு) இருந்தால் இந்தக் கணக்கு எதுவுமே நிற்காது. டிரைவ் ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பப் படிக்க முயலும்.