படகுப் பெயிண்ட்டை ஒரு முகத்தின் மேல் லேயராகப் போடுவது எப்படி?

விசைப்படகிலேயே காலம் தள்ளிய பெரியப்பாவின் முகப் படத்தில் அந்தப் படகின் உரிந்த பெயிண்ட்டையே கொண்டுவர வேண்டும் என்று எனக்கு ஆசை. மூன்று ராத்திரி உட்கார்ந்தும் வரவில்லை. முகம் நீலம் பாரித்துவிட்டது, ஒரு பக்கக் கன்னம் இருண்டு போனது. பெரியம்மா பார்த்துவிட்டு, "அவருக்கு உடம்பு சரியில்லாத மாதிரி இருக்குப்பா" என்றார். நாலாவது ராத்திரிதான் தப்பு எங்கே என்று பிடிபட்டது.

நான் பயன்படுத்துவது கிம்ப் என்கிற படத் திருத்த மென்பொருள். இலவசம், லேயரும் (ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் படம்) மாஸ்க்கும் (கருப்பு பூசிய இடத்தில் லேயரை மறைக்கும் திரை) முழுமையாக உண்டு. ஃபோட்டோஷாப் வைத்திருப்பவர்களுக்கும் கீழே வரும் பெயர்கள் பெரும்பாலும் இவைதான்.

முதலில் முகம். திண்ணை நிழலில் உட்காரவைத்து எடுங்கள். உச்சி வெயிலில் கண் சுருங்கிவிடும். பின்னால் வெறும் சுவர் போதும். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அடுத்தது டெக்ஸ்சர், அதாவது முகத்தின் மேல் போடப்போகும் பெயிண்ட் பரப்பின் படம். இணையத்தில் இறக்கிய டெக்ஸ்சர் வேண்டவே வேண்டாம், நீங்களே எடுங்கள். கடலூர் முதுநகர் துறைமுகத்துக்கு ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் போய்ப் பாருங்கள். படகுகளைப் பழுது பார்த்துப் புதுப் பெயிண்ட் அடிக்கிற காலம் அது. அதற்கு முன்னால் சுரண்டும்போது நீலத்துக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே சிவப்பு என்று பழைய பூச்சுகள் எல்லாம் தெரியும். படகுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, பலகைக்கு நேராக நின்று எடுங்கள். கடல் நமக்குக் கிழக்கே இருப்பதால், காலை வெயில் தாழ்வாக வந்து பலகையை உரசிப் போகும்போது ஒவ்வொரு விரிசலும் எழும்பித் தெரியும். முகத்தில் இடப்பக்க வெளிச்சம் என்றால் டெக்ஸ்சரிலும் இடப்பக்கம்தான் இருக்க வேண்டும். மாறியிருந்தால் லேயரை இடவலமாகத் திருப்பிக்கொள்ளலாம். ஆனால் படகு எண் படத்தில் இருந்தால் எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாறிவிடும். எண் இல்லாத இடமாக எடுப்பது நல்லது.

இனி நான் மாட்டிக்கொண்ட இடம். டெக்ஸ்சரை முகத்துக்கு மேல் லேயராகப் போட்டு, மோடை (மேல் லேயர் கீழே இருப்பதோடு கலக்கும் விதம்) ஓவர்லே என்று மாற்றச் சொல்வார்கள். நானும் அதைத்தான் செய்தேன். ஓவர்லேயில் நடு சாம்பல் நிறம் எதையும் மாற்றாது. அதைவிட வெளிறிய இடம் கீழே இருப்பதை வெளுக்கும், இருண்ட இடம் கருக்கும். படகின் நீலமோ நடு சாம்பலைவிட இருட்டு. அதனால் விரிசல் மட்டும் வராமல் பெயிண்ட்டின் நிறமும் இருட்டும் சேர்ந்தே முகத்தில் இறங்கின. பலகையின் ஒரு பாதியில் நிழல் விழுந்திருந்தது. அதுதான் கன்னத்தில் தெரிந்த கருப்பு.

எனவே ஓவர்லேக்கு முன்னால் டெக்ஸ்சரைத் தயார் செய்ய வேண்டும். லேயரை டூப்ளிகேட் செய்து, அசலைக் கண் குறியைச் சொடுக்கி மறைத்து வையுங்கள். நகலை டீசாச்சுரேட் செய்து நிறத்தை எடுங்கள். அப்புறம் மெனுவில் ஃபில்டர்ஸ், என்ஹான்ஸ், ஹை பாஸ். அங்கே ஸ்டாண்டர்ட் டீவியேஷன் தொடக்கத்தில் 4 என்று இருக்கும். 4000 பிக்சல் அகலப் படத்துக்கு எனக்கு 30 பக்கம் ஒத்துவந்தது. பெரிய திட்டுகளும் நிழலும் சாம்பலாகிப் போய், விரிசலும் உரிந்த ஓரமும் மட்டும் நிற்கும். இப்போது ஓவர்லே போடுங்கள், முகத்தின் வெளிச்சம் அப்படியே இருக்கும். ஒபாசிட்டியை (லேயர் எவ்வளவு அழுத்தமாகத் தெரிகிறது என்பதை) நான் 60 சதவீதத்தைத் தாண்ட விடுவதில்லை.

நம் ஊர் முகங்களுக்கு மல்டிப்ளை மோடை நான் தொடுவதே இல்லை. கருத்த தோலின் நிழல் பகுதிகள் அதில் மை மாதிரி அடைத்துக்கொள்ளும். ஸ்கிரீன் மோடு அதற்கு நேர்மாறு, தோல் சாம்பல் பூத்துப் போகும். பெரியப்பாவின் கருப்பு எனக்கு அப்படியே வேண்டும்.

பிறகு வெள்ளை மாஸ்க் சேர்த்து, ஓரம் மென்மையான பிரஷ்ஷில் கருப்பு எடுத்து, கண்ணிலும் உதட்டிலும் டெக்ஸ்சரை முழுதாக நீக்குங்கள். மூக்குத் தண்டில் பாதி போதும். நெற்றிச் சுருக்கத்தில் கை வைக்காதீர்கள், பலகை விரிசலும் சுருக்கமும் சேர்கிற இடம் அதுதான்.

படகின் நீலமும் வேண்டுமா? மறைத்து வைத்த அசல் லேயரைத் திறந்து, சாஃப்ட் லைட் மோடில் ஒபாசிட்டியை 15 சதவீதம் வைத்து, மாஸ்க்கால் முகத்தை விலக்கிவிட்டால் நீலம் பின்னணியில் மட்டும் நிற்கும்.

பின்சேர்க்கை: பிரஷ் ஓட்டினால் முகத்தில் கருப்பு மை அப்புகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். மாஸ்க்குக்குப் பதில் லேயரின் மேலேயே வரைகிறீர்கள். லேயர் பட்டியலில் மாஸ்க்கின் சிறு படத்தை ஒரு முறை சொடுக்கிவிட்டு வரையுங்கள். ஏற்கெனவே அப்பியிருந்தால் கன்ட்ரோல் இசட். கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பாகவும் ஒரு பிரதி சேமியுங்கள். ஜேபெக் மட்டும் வைத்திருந்தால் லேயர்கள் எல்லாம் ஒட்டிப்போய்விடும், மறுபடி பிரிக்க முடியாது.