வெறும் வலையோடு வந்தாலும் போதும்: தவக்காலத்தை முதன்முதலாகத் தொடங்குபவர்களுக்கு

எங்கள் கடற்கரையில் தவக்காலம், அதாவது ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலம், வந்தால் இரண்டு பேச்சு காதில் விழும். ஒன்று, "இந்த வருஷம் கறியை விட்டிருக்கேன்." இன்னொன்று, "நமக்கு அதெல்லாம் சரிப்படாதுப்பா, முதல்ல நான் ஒழுங்காகணும்." இரண்டாவதாகப் பேசுகிறவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். பல வருஷம் நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தொடங்கும் முன் பைபிளில் லூக்கா நற்செய்தி 5ஆம் அதிகாரத்தில் முதல் 11 வசனங்களைப் படித்துவிடுங்கள். ராத்திரி முழுக்கப் பாடுபட்டும் ஒன்றும் கிடைக்காமல் வலையை அலசிக்கொண்டிருக்கிறார் சீமோன். தங்கச்சிமடத்திலோ மூக்கையூரிலோ விடிகாலையில் கரையில் நின்றவர்களுக்கு அந்த முகத்தைத் தெரியும். அன்றைக்கு அந்த வெறும் படகில்தான் இயேசு ஏறினார். ஏறியதும் ஆழத்துக்குப் போகச் சொல்லவில்லை. கரையிலிருந்து கொஞ்சம் தள்ளச் சொன்னார், அவ்வளவுதான். ஆழம் அப்புறம் வருகிறது.

முதல் படி: கொஞ்சம் தள்ளுங்கள்

ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் போதும். ஒரே இடம், ஒரே நேரம். போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள். கண்ணை மூடினால் கடவுள் வரமாட்டார், முதலில் டீசல் கடன் வரும், பிள்ளையின் பள்ளிக்கூட பீஸ் வரும், நேற்று யாரோ சொன்ன சுடுசொல் வரும். விரட்டாதீர்கள். வருகிற வரிசையிலேயே ஒவ்வொன்றாக அவரிடம் சொல்லுங்கள். அழகான செபம் தேவையில்லை, வீட்டில் பேசுகிற தமிழ் போதும். முதல் வாரம் எதுவும் நடக்காததுபோல் இருக்கும். எனக்குத் தூக்கம்தான் வந்தது.

இரண்டாவது: சாம்பல்

தவக்காலம் சாம்பல் புதனில் தொடங்கும். அன்றிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாள் வரை எண்ணினால் 46 நாள். ஞாயிறு ஆறையும் கழித்தால் 40. போன வருஷம் குருத்தோலை ஞாயிறன்று (ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு) கொடுத்த ஓலையை எரித்த சாம்பலைத்தான் நெற்றியில் பூசுவார்கள். உங்கள் வீட்டு மாடத்தில் செருகிக் காய்ந்துபோன ஓலை இருந்தால் கோயிலில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

ஓரியூர் பக்கத்தில்தான் இருக்கிறது, முடிந்தால் ஒரு நாள் போய் வாருங்கள். வேதசாட்சியான குரு அருளானந்தர் அங்கே தலை வெட்டுண்டது 1693 பிப்ரவரி 4இல். பஞ்சாங்கத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டால் அது அந்த வருஷத்துச் சாம்பல் புதன். அங்குள்ள செம்மண்ணைக் கையில் எடுத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும்.

மூன்றாவது: நோன்பு

கத்தோலிக்கத் திருச்சபையின் ஒழுங்கு எளிது. சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் 18 முதல் 59 வயது வரை உள்ளவர்கள் ஒரு வேளைதான் முழுச் சாப்பாடு சாப்பிடலாம். அந்த இரண்டு நாளும் தவக்கால வெள்ளிக்கிழமைகளும் 14 வயது நிறைந்தவர்களுக்குக் கறி கிடையாது. உடம்புக்கு முடியாதவர்களுக்கு விலக்கு உண்டு. மீனுக்குத் தடையில்லை. ஆனால் கடற்கரைக்காரனாகக் கேட்கிறேன்: கறியை விட்டுவிட்டு சீலா மீன் குழம்போடு உட்கார்ந்தால் அது என்ன ஒறுத்தல்? ஒழுங்குப்படி தப்பில்லை, எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை. உங்களை எது பிடித்து வைத்திருக்கிறதோ அதை விடுங்கள். ராத்திரி ரீல்ஸ் பார்ப்பதாக இருக்கலாம், சாயங்காலக் குடியாக இருக்கலாம். மிச்சமாகும் காசு உங்களுடையதல்ல, தேவைப்படும் வீடு தெருவிலேயே இருக்கும்.

2025இல் தவக்காலமும் ரமலானும் மார்ச் மாதம் சேர்ந்தே வந்தன. கீழக்கரையில் எனக்குத் தெரிந்த கடைக்காரர் பகல் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தார். என் நோன்பைப் பற்றி அவரிடம் நான் வாயே திறக்கவில்லை.

நான்காவது: வலையைப் பிரித்துப் பாருங்கள்

இதற்குத்தான் அதிக நாள் ஒதுக்க வேண்டும். சுருட்டி வைத்த வலையில் கிழிசல் தெரியாது. வெயிலில் விரித்துக் கண்ணி கண்ணியாகப் பார்த்தால்தான் தெரியும். ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: யாரைப் பார்த்தால் முகத்தைத் திருப்புகிறேன்? யாருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவில்லை? எதை மறைக்கிறேன்?

என் தாளில் முதல் பெயர் அண்ணனுடையது. நாட்டுப்படகு எஞ்சினுக்குப் போட்ட பங்குப் பணத்தில் தகராறு, இரண்டு வருஷம் பேச்சில்லை. கணக்கை மாற்றிச் சொன்னது நான்தான்.

பிறகு பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்க, போங்கள். பல வருஷம் ஆகிவிட்டதா? "சாமி, எப்படிச் செய்யறதுன்னே மறந்துபோச்சு" என்று சொல்லுங்கள், அவர் கைபிடித்துக் கூட்டிப்போவார். நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் சாமியார் ஒன்றே ஒன்று கேட்டார்: "அண்ணன் வீடு எவ்வளவு தூரம்?" நான்கு வீடு தள்ளி.

ஐந்தாவது: சிலுவைப்பாதை

இயேசு சிலுவை சுமந்து போன வழியை நினைத்து நிலை நிலையாக நின்று செபிப்பது இது. வெள்ளிக்கிழமை தோறும் கோயிலில் நடக்கும், 14 நிலைகள். புத்தகம் இல்லாவிட்டாலும் கூட்டத்தோடு நடந்தால் போதும். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் போகிறவர்களுக்கு அங்கே மணலிலேயே நடக்கக் கிடைக்கும். ஒவ்வொரு நிலையிலும் உங்கள் தாளில் உள்ள ஒரு பெயருக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.

நான் பணத்தை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனது ஐந்தாவது வாரம். மதினி வாங்கி வைத்துக்கொண்டு காப்பி கொடுத்தார்கள். அண்ணன் வெளியே வரவேயில்லை. பத்து நாள் கழித்து, குருத்தோலை ஞாயிறு பூசை முடிந்து வரும்போது, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "வலை கிழிஞ்சு கிடக்கு. சாயங்காலம் வா."