டிஜிட்டல் நாணய ஆய்வுகளை வாசிப்பது எப்படி: ஒரு தாளில் தொடங்கும் வழிமுறை

மத்திய வங்கி தானே டிஜிட்டல் நாணயம் வெளியிட்டால் வணிக வங்கிகளின் வைப்புத்தொகை கரைந்துவிடும் என்று ஓர் ஆய்வுக்கட்டுரை நிறுவுகிறது. வைப்புத்தொகை பெருகும் என்று மற்றொன்று நிறுவுகிறது. இரண்டும் மதிப்புமிக்க ஆய்விதழ்களில் வந்தவை. இரண்டின் கணிதத்திலும் பிழை இல்லை. இதைக் கண்டு குழம்பும் முதுகலை மாணவர்களுக்கும் பொருளாதாரச் செய்தியாளர்களுக்கும் சமன்பாடுகளுக்குள் நுழைவதற்கு முன் செய்ய வேண்டிய சில வேலைகள் உள்ளன. முரண்பாட்டின் பெரும்பகுதி அந்த முன்வேலையிலேயே விளங்கிவிடும்.

கட்டுரை பேசுவது வங்கிகள் தமக்குள் பயன்படுத்தும் மொத்தப் பயன்பாட்டுக்கான நாணயத்தையா, பொதுமக்களுக்கான சில்லறை நாணயத்தையா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். இந்திய ரிசர்வ் வங்கி 2022 நவம்பர் 1 அன்று அரசுக் கடன் பத்திரப் பரிவர்த்தனைகளைத் தீர்ப்பதற்கான மொத்த வகையையும், டிசம்பர் 1 அன்று சில்லறை வகையையும் சோதனை முறையில் தொடங்கியது. வங்கிகள் மத்திய வங்கியில் வைத்திருக்கும் இருப்புக் கணக்கு ஏற்கெனவே மின்னணுப் பணம்தான் என்பதால், மொத்த வகை பெரும்பாலும் தீர்வு முறை, அதாவது பரிவர்த்தனையின் பணம் கைமாறி முடியும் வழி, பற்றிய கேள்வியே. பணவியல் விவாதம் சில்லறை வகையில்தான் சூடுபிடிக்கிறது. அந்த நாணயத்துக்கு வட்டி உண்டா என்பதையும் உடனே குறித்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் ரூபாயான இ-ரூபாய்க்கு வட்டி கிடையாது. வட்டி தரும் நாணயத்தைப் பற்றிய முடிவை அப்படியே அதன்மீது ஏற்றக்கூடாது.

அடுத்து ஒரு தாளை எடுத்து மூன்று இருப்புநிலைக் குறிப்புகளை (சொத்து ஒருபுறம், பிறருக்குத் தரவேண்டிய பொறுப்பு மறுபுறம்) வரையுங்கள்: குடும்பம், வணிக வங்கி, மத்திய வங்கி. ஒருவர் 10,000 ரூபாய் நோட்டுகளைக் கொடுத்து டிஜிட்டல் ரூபாய் வாங்குகிறார் என்று கொள்வோம். மத்திய வங்கியின் பொறுப்புகளில் நோட்டு 10,000 குறைகிறது, டிஜிட்டல் நாணயம் 10,000 கூடுகிறது. வணிக வங்கிக்கு எந்த இழப்பும் இல்லை. அதே நபர் தம் சேமிப்புக் கணக்கிலிருந்து வாங்கினால் கதை வேறு. வங்கியின் பொறுப்பில் வைப்புத்தொகை 10,000 குறைகிறது, சொத்தில் ரிசர்வ் வங்கியிடம் உள்ள இருப்பு 10,000 குறைகிறது. ரொக்க இருப்பு விகிதம், அதாவது வைப்புத்தொகையில் ரிசர்வ் வங்கியிடம் வைக்க வேண்டிய பங்கு, 3 சதவீதம் என வைத்துக்கொண்டால், வங்கி கட்டாயமாக வைத்திருக்க வேண்டிய தொகை 300 ரூபாய்தான் குறைகிறது. உபரி இருப்பு இல்லாத வங்கி மீதி 9,700 ரூபாயை எங்கிருந்தாவது ஈடுகட்டியாக வேண்டும்.

எங்கிருந்து என்பதுதான் கட்டுரையின் உயிர்நாடி. வங்கி பத்திரங்களை விற்கலாம், வைப்பு வட்டியை உயர்த்தலாம், புதுக் கடன்களைக் குறைக்கலாம், மத்திய வங்கியிடமே கடன் வாங்கலாம். மார்கஸ் புருனர்மையரும் டிர்க் நீபெல்ட்டும் 2019இல் வெளியிட்ட ஆய்வு கடைசி வழியைத் தேர்ந்தெடுக்கிறது: வைப்பாக இருந்து வெளியேறிய பணத்தை மத்திய வங்கி தகுந்த நிபந்தனைகளில் கடனாக வங்கிகளுக்கே திருப்பித் தந்தால், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, பொருளாதாரத்தில் எதுவும் மாறுவதில்லை. வியப்பூட்டும் இம்முடிவின் முழுச் சுமையையும் அந்த நிபந்தனைகளே தாங்குகின்றன. சுருக்கத்தை மட்டும் படிப்பவர் அவற்றைத் தவறவிடுவது எளிது.

வங்கிச் சந்தையின் அமைப்பு பற்றிய எடுகோளையும் தேடிப் பாருங்கள். பொருளியலாளர் டேவிட் ஆண்டல்ஃபாட்டோவின் மாதிரியில் வங்கி முற்றுரிமை பெற்றது, அதாவது போட்டி இல்லாதது. வைப்பாளருக்குக் குறைந்த வட்டி தந்தே லாபம் பார்த்துவந்த அது, வட்டி தரும் போட்டி நாணயம் வந்ததும் தன் வட்டியை உயர்த்துகிறது. வைப்புகள் பெருகுகின்றன, கடன் வழங்கல் சுருங்குவதில்லை. டாட் கீஸ்டர், டேனியல் சான்செஸ் ஆகியோரின் மாதிரியில் வங்கிகள் போட்டியில் இருப்பதால் பிழிந்தெடுக்கக் கூடுதல் லாபம் இல்லை. வைப்புகள் வெளியேறுகின்றன, நிதிதிரட்டும் செலவு ஏறுகிறது, முதலீடு குறைகிறது. ஆயினும் பரிமாற்றம் எளிதாவதால் மொத்த நலன் உயரக்கூடும் என்றே அவர்கள் காட்டுகிறார்கள். வைப்புத்தொகை குறைவதையும் சமூக நலன் குறைவதையும் ஒன்றாக்கிவிடும் செய்தித் தலைப்புகளை நம்பாதீர்கள்.

எண்கள் வரும்போது அவற்றின் அளவுகோலைக் கேளுங்கள். பிரிட்டனின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கியின் ஆய்வறிக்கையாக 2016இல் ஜான் பார்டியரும் மைக்கேல் கும்ஹாஃபும் வெளியிட்ட கணக்கில், உள்நாட்டு உற்பத்தி 3 சதவீதம் வரை நிரந்தரமாக உயரலாம் என்ற முடிவு உள்ளது. உற்பத்தியின் 30 சதவீதத்துக்குச் சமமான டிஜிட்டல் நாணயம், அரசுப் பத்திரங்களுக்கு எதிராக வெளியிடப்படும் என்பது அதன் தொடக்கப்புள்ளி. 2025 மார்ச் இறுதியில் புழக்கத்திலிருந்த இ-ரூபாய் சுமார் 1,016 கோடி. நோட்டுகளோ 36 லட்சம் கோடிக்கும் மேல். ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாத நாணயத்தை அந்த 3 சதவீதத்தோடு ஒரே வாக்கியத்தில் எழுதுவது எனக்கு உறுத்தலாகவே படுகிறது.

ஒருவர் வைத்திருக்கும் டிஜிட்டல் நாணயத்துக்கான உச்சவரம்பு பற்றிய ஆய்வுகளில் ஒரு பெருக்கல் போதும். ஐரோப்பிய மத்திய வங்கியின் உல்ரிச் பின்ட்சைல் 2020இல் முன்வைத்த இரண்டடுக்கு யோசனையின்படி, ஒருவருக்கு 3,000 யூரோ வரை சாதகமான வட்டி, அதற்கு மேல் வைத்தால் கவர்ச்சியற்ற வட்டி. யூரோ பகுதியின் 34 கோடி மக்களோடு பெருக்கினால் முதல் அடுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி யூரோ. அன்றைய நோட்டுப் புழக்கத்தைவிடச் சற்றே குறைவு. வரம்பு எவ்வளவு இறுக்கமானது என்பதை இதைக்கொண்டே மதிப்பிட்டுவிடலாம்.

பயன்பாட்டுத் தரவுகளில் விழிப்பு இன்னும் கூடுதலாக வேண்டும். 2023 டிசம்பரில் சில்லறை இ-ரூபாய்ப் பரிவர்த்தனைகள் நாளொன்றுக்குப் பத்து லட்சத்தைத் தொட்டன. வங்கிகள் சில தம் ஊழியர்களின் படிகளை அதன்வழி வழங்கியதும் அதற்குக் காரணம் என்று செய்திகள் வெளியாயின, பின்னர் எண்ணிக்கை பெரிதும் சரிந்தது. நைஜீரியாவில் 2021 அக்டோபரில் தொடங்கிய இ-நைரா, 2023 தொடக்கத்தில் நோட்டு மாற்றத்தால் ரொக்கத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது கூடுதலாகப் பயன்பட்டது. இவற்றை மக்களின் விருப்பமாகக் கொள்ளும் புள்ளியியல் மதிப்பீடு, தட்டுப்பாட்டையும் தூண்டுதலையும் எப்படிப் பிரித்தெடுத்தது என்பதைத் தரவுப் பகுதியில் தேடுங்கள். விளக்கம் இல்லையெனில் அந்த மதிப்பீட்டை மேற்கோள் காட்டாதீர்கள்.

வெளிநாட்டு முடிவை இந்தியாவுக்குப் பொருத்தும்போது, ஒப்பீடு எதனோடு என்பதே கேள்வி. அட்டைக் கட்டணம் குறைவதால் வணிகர் பெறும் ஆதாயத்தை முதன்மைப் பலனாகக் கணக்கிடும் மாதிரிகள் பல உண்டு. 2020 ஜனவரியிலிருந்து யுபிஐ வழியான வழக்கமான வங்கிக் கணக்குப் பரிமாற்றங்களுக்கு இங்கே வணிகரிடம் கட்டணம் இல்லை. ஆகவே அந்தப் பலனைச் சுழியமாக வைத்து மாதிரியை மீண்டும் ஓட்டினால் எஞ்சுவது என்ன என்று பாருங்கள். இணையத் தொடர்பின்றிச் செலுத்தும் வசதியையும் தனியுரிமையையும் தவிர வேறொன்றும் எஞ்சாத கட்டுரையானால், அவ்விரண்டையும் அது எப்படி அளந்தது என்பதற்கு மட்டும் உங்கள் நேரத்தைச் செலவிடலாம்.